தீயரசன் பேசிய தமிழ்

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் போன் செய்தபோது நான் அக்காவின் டிபன் கடையில், பின்பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பதிப்பாசிரியர் என்றதும் வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்லூரியை விட்டு வந்து அதிக நாள் ஆகாத பெண். வெளிநாட்டுக் காமிக்ஸ்களைத் தமிழில் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை பார்க்கிறாள். பேச்சில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. அந்த மரியாதைக்குள் எங்கேயோ ஒரு ஊசி இருக்கும்.

"சார், உங்க ராட்சசன் ரொம்ப நல்லாப் பேசறான்" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்மா."

"அதான் சார் பிரச்சினையே. கடவுள்களோட கோட்டை வாசல்ல, எரியற கத்தியோட வந்து நிக்கறான். வாயத் திறந்தா பட்டிமன்ற நடுவர் முடிவுரை சொல்ற மாதிரி இருக்கு. கேட்டா யாரும் பயப்பட மாட்டாங்க சார். கை தட்டிட்டு எழுந்து போயிடுவாங்க."

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன். பெரிய நாவல்களை எல்லாம் மொழிபெயர்த்தவன் என்று யாராவது நினைத்தால் நான் மறுப்பதில்லை. ஆனால் உண்மையில் அதுவரை மொழிபெயர்த்தவை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாள்களும், மிக்ஸியோடு வரும் விளக்கப் புத்தகங்களும்தான். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்பதை என்னைவிடப் பல விதமாக எழுதியவர் தமிழில் இருக்க முடியாது. காமிக்ஸ் எனக்கு அதுதான் முதல் முறை.

கதை இதுதான். வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் வடதேசங்களில் நார்ஸ் புராணம் என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஆட்களை எடுத்து, மார்புக் கவசம் போட்டு, தோளில் ஒரு துணியைப் படபடக்கவிட்டு சூப்பர் ஹீரோ கதையாக்கியிருந்தார்கள். நல்லவர்கள் கூட்டமாக இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கெட்டவன். மலை உயரம், தலையில் கொம்பு, உடம்பு முழுக்கத் தணல். தெற்கே ஒரு நெருப்புலகம் இருக்கிறது. அங்கேயிருந்து உலகத்தின் கடைசி நாளில் கிளம்பி வந்து எல்லாவற்றையும் கொளுத்துவான். மூலத்தில் இருந்த பெயர் வாயில் நுழையாததால் நான் 'தீயரசன்' என்று வைத்தேன்.

தெற்கிலிருந்து வெயில் வந்து நம்மை அழித்துவிடும் என்று நடுங்கியிருக்கிறார்களே, அந்த வடதேசத்து மனிதர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. சித்திரை மாதத்தில் அந்த ராட்சசன் எங்கள் திருத்தணிக்கு வந்திருந்தால், ரயிலடியில் இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதற்குள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மோர் கேட்டிருப்பான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. காமிக்ஸில் ஆட்கள் பேசுவது பலூன் மாதிரி ஒரு வட்டத்துக்குள் வரும். ஆங்கிலத்தில் நாலு வார்த்தைக்கு அளவெடுத்து வரைந்த வட்டம். நான் அதற்குள், 'யாம் வந்துற்றோம். வாயிற்கதவம் திறமின், மானிடப் பதர்களே!' என்று எழுதியிருந்தேன். எழுத்துகள் வட்டத்தைத் தாண்டிப் பிதுங்கி ராட்சசனின் மூக்கை மறைத்தன. அதோடு, கதவுக்குப் பின்னால் நிற்பவர்கள் மானிடர்களே இல்லை, கடவுள்கள் என்பதையும் அந்தப் பெண் மிகுந்த மரியாதையோடு எனக்கு நினைவுபடுத்தினாள்.

"நாளன்னிக்குள்ள மாத்திக் குடுத்துடுங்க சார். கொஞ்சம் கோவமா."

கோபத்துக்கு நான் எங்கே போவேன்? எனக்குக் கோபம் வந்தால் தும்மல்தான் வரும். ஆனால் அக்கா இருந்தாள்.

சண்டையெல்லாம் முடித்துவிட்டு முருகன் கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த இடம் என்பதால் தணிகை என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். அவர் இறக்கி வைத்த கோபத்தை யாராவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? மலையடிவாரத்தில் டிபன் கடை வைத்திருக்கும் என் அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள். விடிவதற்கு முன்பே தோசைக்கல் முன்னால் நிற்க ஆரம்பித்தால், பகல் கூட்டம் ஓயும்வரை அங்கேதான் நிற்பாள். நின்றபடியே கடைப் பையன்களை, காக்காயை, கிரைண்டரை, ரோட்டில் போகும் பஸ்ஸை, வரிசையாகத் திட்டிக்கொண்டிருப்பாள். என்னைத் திட்டுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "மிக்சி புக்கு எழுதறவன எவ கட்டிப்பா?" என்று அவளே பதில் சொல்லிவிடுவாள்.

அக்காவின் கணவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து வந்தவர். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். வாசல் பக்கம் ஃபேனுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்சல் கட்டுவது அவர் வேலை. அக்கா திட்ட ஆரம்பித்தால் கட்டிக்கொண்டிருக்கும் சட்னிப் பொட்டலத்தை உலகத்திலேயே முக்கியமான பொருள்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு, நான் போனை வைத்துவிட்டு ராட்சசனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சிலிண்டர்காரர் வந்தார். காலைக் கூட்டமே முடிந்துவிட்டிருந்தது.

"வாய்யா தொர!" என்று அக்கா ஆரம்பித்தாள். "இப்பத்தான் விடிஞ்சுதா உனுக்கு?"

"வண்டி பஞ்சர்க்கா."

"வண்டி பஞ்சரா, உன் வாயி பஞ்சரா? நேத்து இன்னா சொன்ன? முந்தா நேத்து இன்னா சொன்ன? வாசல்லயே நின்னு கத சொல்லிகினு கீற. உள்ள கொண்டாந்து வெக்கிறியா, இல்ல உன்னியே வெச்சுக் கொளுத்தட்டுமா?"

"கொளுத்துக்கா. அதுக்கு மின்ன ரெண்டு இட்லி குடு" என்று அவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குத் தும்மல் வரவில்லை, வார்த்தை வந்தது. பேனாவை எடுத்து, 'கதவத் தொறக்கிறியா, இல்ல கதவோட வெச்சு உன்னையும் கொளுத்தட்டுமா?' என்று எழுதினேன். வட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா மூச்சு விடாமல் பேசுகிறவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அவள் துண்டு துண்டாக, பலூனுக்கு அளவெடுத்த மாதிரி பேசுகிறவள்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸப்பில் குரல் பதிவு வந்தது. பாதிக்கு மேல் சிரிப்பு. கடைசியில், "சார், இவன விட்டுடாதீங்க சார்" என்றாள்.

விடவில்லை. அன்றிலிருந்து நான் மேஜையை அடுப்புப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். ஃபேன் காற்று வரவில்லை, ஆனால் வசனம் வந்தது. ஒருவன் பைக்கை வேகமாகக் கொண்டுவந்து தண்ணீர் டிரம்மில் இடித்தான். அக்கா கரண்டியோடு வெளியே போய், "ஜல்தியா வந்தா பெரிய ஆளா நீ? எறங்குடா கீழ, காலு ரெண்டும் இருக்கான்னு பாக்கறேன்" என்றாள். அதே வாரம் தீயரசன், வானத்தில் பறந்து வந்த சூப்பர் ஹீரோவைப் பார்த்து, "பறந்து வந்தா பெரிய ஆளா நீ? எறங்குடா கீழ" என்றான். கடைப் பையன்களைப் பார்த்து அவள், "நட்டு வெச்ச கம்பாட்டம் நின்னுகினு கீறீங்களே, போயி எதுனா தொடைங்கடா" என்றாள். தீயரசன் தன் படையைப் பார்த்து, "போயி எதுனா கொளுத்துங்கடா" என்றான். ஒரே ஒரு சொல்தான் மாற்ற வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் மிக்ஸிப் புத்தகத்தையும் அவள் வாயாலேயே எழுதியிருப்பேன்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சித்திரையில் ஒருநாள், மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் மலையிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்தார். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. குதித்துக் குதித்து வந்தவர் கடை நிழலில் ஒதுங்கினார்.

"அறிவு கீதா உனுக்கு?" என்று அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். "சாமி மொட்டதான போடச் சொல்ச்சி, கால வறுக்கச் சொல்ச்சா? வயசு ஆவுதே, ஒரு செருப்பு கையில வெச்சினு வரத் தெரியாது?" சொல்லிக்கொண்டே ஒரு ஜக்குத் தண்ணீரை அவர் பாதத்தில் ஊற்றினாள். பிறகு இன்னொரு ஜக்கு. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தெலுங்குக்காரர். அவள் திட்டினது அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது, தண்ணீர் புரிந்திருக்கும்.

அதை நான் எழுதவில்லை. தீயரசன் யார் காலுக்கும் தண்ணீர் ஊற்றியதாக மூலத்தில் இல்லை.

கதை மூன்று பாகம். இரண்டாம் பாகத்தை முடித்து அனுப்பிவிட்டு மூன்றாவதை ஆரம்பித்திருந்தபோது, முதல் பாகம் அச்சாகி வந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம். பார்சலைப் பிரித்தவர் பாவா. கடையில் ஆளில்லாத மத்தியான நேரம். அக்கா மாடியில் படுத்திருந்தாள். பாவா ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மேஜையிலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். முதல் நாலு பக்கம் அமைதியாகப் படித்தார். அப்புறம் ஒரு பக்கத்தில் நின்றார். புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

என்னிடம் வந்து, வழக்கத்தைவிட இன்னும் மெதுவாக, "மச்சான், இது நம்ம வூட்டு சத்தமாச்சே" என்றார்.

"ஆங் பாவா."

"அவளுக்குத் தெரிமா?"

"தெரிஞ்சா நான் இங்க உக்காந்துகினு இருப்பனா?"

"அம்மோ!" என்று அவர் மறுபடியும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

விஷயம் எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கும் என்று முடிவாயிற்று. ஆனால் ரகசியம் காப்பாற்றத் தெரிந்த மனிதருக்குச் சிரிப்பையும் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை அக்கா பார்சல் மாறிப்போனதற்காக அவரைப் பிடித்தாள். "ரவா கேட்டவனுக்கு பொடி தோச கட்டி அனுப்பிச்சிருக்க. கண்ணு இன்னா பெடறியில கீதா உனுக்கு?" என்றாள். பாவா வழக்கம்போல சட்னிப் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையில் கொம்பு வைத்துப் பார்த்தாரோ என்னவோ, களுக்கென்று சிரித்துவிட்டார்.

அக்கா நிறுத்தினாள். "இன்னாத்துக்குச் சிரிக்கிற?"

"இல்லம்மே, ஒண்ணுல்ல."

அடுத்த நாளும் சிரித்தார். அதற்கு அடுத்த நாள் அவள் வாயைத் திறக்கும்போதே சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் மாவு தெறித்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு கல்லுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அதிலிருந்து அவள் திட்டுவதை விட்டுவிட்டாள்.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கடையில் ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றியது. ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டர் நின்றுபோனால் தோன்றுமே, அந்த மாதிரி. கடைப் பையன்கள் தாங்களாகவே மேஜையைத் துடைத்தார்கள். சிலிண்டர்காரர் மறுபடியும் தாமதமாக வந்து, திட்டு வாங்கத் தயாராக வாசலில் நின்றார். "உள்ள வெச்சிருப்பா" என்றாள் அக்கா. அவர் வைத்துவிட்டுப் போகாமல் என்னிடம் வந்து, "அக்காவுக்கு ஒடம்பு எதுனா சரியில்லியா?" என்று கேட்டார். இட்லி கேட்கவே இல்லை, போய்விட்டார்.

என் பாடுதான் திண்டாட்டம். மூன்றாம் பாகத்தில் தீயரசன் வானவில் பாலத்தை உடைத்துக்கொண்டு வருகிறான். பக்கத்துக்குப் பக்கம் கத்தல். நான் அடுப்பருகே வேர்த்து வடிந்து உட்கார்ந்திருந்தேன்; ஒரு வார்த்தை வரவில்லை. அவளைச் சீண்டிப் பார்த்தேன். தோசை ஆறிப்போயிருக்கிறது என்றேன். எடுத்துக்கொண்டு போய் வேறு வார்த்துக் கொடுத்தாள். சாம்பாரில் உப்பு தூக்கல் என்றேன். "அப்டியா தம்பி? நாளிக்குக் கொறச்சிப் போடறேன்" என்றாள். அவள் என்னை 'டேய்' போடாமல் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

பழையபடி என் சொந்தச் சரக்கில் பத்துப் பக்கம் எழுதி அனுப்பினேன். அந்தப் பெண் போன் செய்தாள்.

"சார், தீயரசனுக்கு என்ன ஆச்சு? 'பரவால்ல, உலகத்த நீங்களே வெச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டு ஊருக்குத் திரும்பிடுவானோன்னு பயமா இருக்கு."

நான் போய் பாவாவிடம் சொன்னேன். அவரும் நொந்துபோயிருந்தார். "நேத்து எனுக்குத் தட்டு வெச்சி, 'போதுமா, இன்னும் வேணுமா'ன்னு கேக்கறா மச்சான். எனுக்குச் சோறு எறங்கல" என்றார். கொஞ்ச நேரம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவு தைரியம் அவரிடம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

அக்கா கடைக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாவா எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். அந்தப் பூனைக் குரலில், தெலுங்கு வாடையோடு, "கதவத் தொறக்கிறியா, இல்ல கதவோட வெச்சு உன்னையும் கொளுத்தட்டுமா" என்றார். எந்த ராட்சசனும் அவ்வளவு பணிவாக மிரட்டியிருக்க மாட்டான். அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். அவர் பக்கத்தைத் திருப்பி, 'போயி எதுனா கொளுத்துங்கடா' என்பதைப் படித்தார். 'எறங்குடா கீழ' என்பதைப் படித்தார். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"இதுல யாரு நானு? இந்தப் பறக்கிற பொம்பளயா?"

பாவா விரலால் காட்டினார்.

"இந்தக் கொம்பு வெச்சவனா?" படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள். "பேரு இன்னா?"

"தீயரசன்" என்றேன் நான், வாசற்படிப் பக்கம் ஒரு காலை வைத்துக்கொண்டு.

"தீஞ்ச அரசனா?"

"தீ அரசன்க்கா."

"எனுக்குத் தீஞ்சவன் மாதிரிதான் தெரிறான்." அவள் என்னைப் பார்த்தாள். "ஏண்டா, என் பேச்ச என்னியக் கேக்காம எடுத்து புக்குல போட்டுகினியா?"

"நீ ரோட்டுக்கே கேக்கற மாதிரிதான பேசற. கீழ வுழுந்தத எடுத்துகினேன்."

அவள் சிரிக்கவில்லை. பாவா பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "அதான் சிரிச்சியா? நான் வாயத் தொறந்தா உங்க ரெண்டு பேருக்கும் பொம்ம ஆட்டம் ஆயிடுச்சா?"

பாவா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கல்யாணம் ஆனதுல இருந்து நீ கத்துவ, நான் தலயக் குனிஞ்சிப்பேன். என் மேல கோவம், என் மேல கோவம்னே நெனச்சினு இருந்தேன். இவனப் படமாப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. பாரு, எல்லாரும் கோட்டைக்குள்ள ஜிலுஜிலுன்னு நிக்கறாங்க. இவன் ஒருத்தன் மட்டும் நெருப்புல நிக்கறான். நெருப்புல நிக்கறவன் வேற எப்டிப் பேசுவான்?" என்றார். "நான் ஃபேனடியில உக்காந்துகினு கீறேன், நீ தோசக் கல்லாண்ட நிக்கற. அத்த நெனச்சி சிரிப்பு வந்துச்சா, அழுவாச்சி வந்துச்சான்னு தெரில. வெளிய சிரிப்பாட்டம் வந்துட்ச்சி."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டாள். வெங்காயம் கையோரம் இருந்ததால் அவள் கண்ணில் வந்த தண்ணீருக்கு நாங்கள் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

"தெரிஞ்சுதுன்னா நாளிக்கு நீ வந்து கல்லாண்ட நில்லு" என்றாள்.

"நிக்கறேன்."

"நாளிக்கு செவ்வாக்கெழம. மல கூட்டம் ஜாஸ்தி வரும். வேணாம், பொதங்கெழம நில்லு."

"நாளிக்கே நிக்கறேன்" என்றார் பாவா.

மறுநாள் அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தோசைக்கல் முன்னால் நின்றார். அக்கா ஃபேனடியில் பார்சல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்காரத் தெரியாத மாதிரி விளிம்பில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாலைந்து தோசை நன்றாகத்தான் வந்தது. அடுத்த தோசை வரைபடத்தில் இல்லாத ஒரு தேசத்தின் வடிவத்தில் வந்தது. பள்ளிப்பட்டு பஸ் வந்து நின்றது. கும்பல் உள்ளே நுழைந்தது. ரெண்டு மசாலா, நாலு பிளெய்ன், ஒரு ஊத்தப்பம், இல்லை அந்த மசாலாவை வெங்காயமாக மாத்திக்குங்க என்று நாலு பக்கமும் குரல்கள். பாவாவின் முகம் சிவந்தது. முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டது. ஒரு துளி எண்ணெய் தெறித்து முழங்கையில் விழுந்தது.

"மச்சான்!"

நான் நிமிர்ந்தேன். கடையே நிமிர்ந்தது.

"அந்த மாவுக் குண்டான எடுத்துகினு வான்னு எத்தினி வாட்டி சொல்றது? காதுல இன்னா வெச்சினு கீற? ஏமி சூஸ்துன்னாவு?" என்ன பார்க்கிறாய் என்று தெலுங்கில் கேட்கிறார். பார்க்காமல் என்ன செய்வது? அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருந்தது என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வரிசையில் நின்ற ஒருவர், "இன்னும் எவ்ளோ நேரம்ங்க ஆவும்?" என்று கேட்டுவிட்டார்.

"நிக்க முடிஞ்சா நில்லு! முடிலன்னா மல மேல போயி சாமியக் கேளு, அவரு சுட்டுக் குடுப்பாரு!"

பிறகு ஃபேனடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, ஸ்டூலில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வரிசையில் நின்றவரும் சிரித்துவிட்டார். பாவா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியை ஓங்கியபடி நின்றவர், தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். தான் கத்தினது அப்போதுதான் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அக்கா எழுந்து போய் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். "போ, போயி மூஞ்சி கழுவிகினு வா, தீஞ்சரசா" என்றாள்.

நான் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டிருந்தேன். மூன்றாம் பாகத்தில் தீயரசன் பேசுவதில் பாதி அன்றைக்குக் காலை பாவா பேசியது. இது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆனால் படித்துவிட்டு, "சார், இந்தப் பாகத்துல அவன் கத்தறப்ப உள்ளுக்குள்ள கொஞ்சம் பயந்து போயிருக்கற மாதிரி இருக்கு. வேணும்னேதான் பண்ணீங்களா?" என்று கேட்டாள்.

"மூலத்துலயே அப்படித்தான்மா" என்றேன். எந்த மூலம் என்று நான் சொல்லவில்லை.

அந்த வாரமே பாவா ஆள் கூட்டி வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் சாதா ஃபேன் வைத்தால் நெருப்பு அணைகிறது என்பதால், பின்சுவரை உடைத்துப் புகையையும் சூட்டையும் வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்தினார்கள். அது ஓடினால் லாரி கிளம்புகிற மாதிரி சத்தம் வரும். அதனால் அக்கா இப்போது முன்னைவிட உரக்கக் கத்துகிறாள். காலைக் கூட்டம் ஓய்ந்ததும் பாவா கல்லுக்குப் போகிறார். அவள் ஃபேனடிக்கு வருகிறாள். பார்சல் கட்டத் தெரியவில்லை என்று இப்போது அங்கிருந்து அவர் அவளைத் திட்டுகிறார். மெதுவாகத்தான். எக்ஸாஸ்ட் சத்தத்தில் அவளுக்குக் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில்.

கடைசிப் பக்கங்களை நான் முடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்கா வந்து மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா ஆனான் உங்காளு? செத்துட்டானா?"

"தெரிலக்கா. அவன் பத்த வெச்ச நெருப்புல ஒலகமே எரிஞ்சுடுது. அதுக்கப்புறம் அவன் இன்னா ஆனான்னு புராணத்துல சொல்லல."

"எல்லாமே எரிஞ்சுடுதா? ஒண்ணு மிச்சமில்லாம?"

"அப்புறம் கடல்ல இருந்து பூமி புதுசா எழும்புமாம். பச்சப் பசேல்னு. ஒரு மரத்துக்குள்ள ஒரு ஆம்பள, ஒரு பொம்பள ரெண்டு பேரும் ஒளிஞ்சினு இருந்து, எல்லாம் அடங்கினதும் வெளிய வருவாங்களாம். அவங்கள்ல இருந்துதான் மறுபடியும் ஜனம் எல்லாம்."

அவள் யோசித்தாள். "நாஷ்டாவுக்கு இன்னா பண்ணுவாங்க?"

"காலையில பனித்துளியக் குடிச்சிகினு உயிரு வாழ்வாங்களாம்."

"பனித்துளியா?" அக்கா என்னை வெகுநேரம் பார்த்தாள். மிக்ஸிப் புத்தகம் எழுதின காலத்தில்கூட அவள் என்னை அவ்வளவு இளக்காரமாகப் பார்த்ததில்லை. "யார்ரா எழுதினது இத்த? மரத்துக்குள்ள அத்தினி நாளு பட்டினியாக் கெடந்துட்டு வர்றாங்க, பனித்துளியாம். எல்லாத்தையும் எரிச்சானே அந்தத் தீஞ்சவன், ஒரு அடுப்ப மட்டும் அணைக்காம வுட்டு வெக்கத் தெரிலியா அவனுக்கு?"

வெளியே ஆந்திரா பஸ் ஒன்று வந்து நின்றது. மொட்டைத் தலைகளும் குழந்தைகளுமாக இறங்கினார்கள். அக்கா எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பாத்துகினு உக்காராத, தண்ணி ஜக்கெல்லாம் ரொப்பி வெய்யி போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். பாவா மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.